வாத்துக் கூண்டின் இரண்டு கதவுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் நலம் என்று முந்தாநாள் போனிலேயே கேட்டுக்கொண்டாகிவிட்டது, அதனால் இங்கே விசாரிப்பது முறைக்குத்தான், ஆனாலும் விசாரிக்கிறேன். குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுவாள், தரையில் பட்டன் கிட்டன் கிடக்காமல் பார்த்துக்கொள்ளும்படி அம்மா சொல்லச் சொன்னாள். அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறி இறங்குகிறாள், ஏறி இறங்குகிறாள் என்பதே எனக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னால் வரும். முந்தாநாள்தானே பேசினார், இப்போது எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன் பாப்பா. வாயெடுக்கும்போதெல்லாம் அங்கே வெயிலா மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். போன வாரம் நீ "என்னப்பா, எப்பப் பாத்தாலும் வானிலையே கேக்கறீங்க" என்று சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மாமா வாத்துகளைத் திருடவில்லை. விற்கவில்லை, மாற்றி வைக்கவும் இல்லை. குட்டி பிறந்து, உன்னோடு கோடை முழுக்க இருந்துவிட்டு ஊர் திரும்பிய அன்றைக்கு நான் உன்னிடம் போனில் சொன்னது அத்தனையும் தப்பு. என் பேச்சை நம்பி நீ அவனைக் கூப்பிட்டு "இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க மாமா" என்று சொன்னாயே, அதுவும் என் தப்புதான், உன் தப்பு இல்லை. அப்பா சொன்னால் மகள் நம்பத்தானே செய்வாள். இதை எழுதுகிறபோதே காது சுடுகிறது, பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், இருந்தாலும் படி, ஏனென்றால் உனக்குத் தெரிந்ததிலேயே பாதி நான் அளந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உன் அம்மாவின் சமையலறையில் போய் ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பொறுக்கமாட்டாமல் நர்சரிக்குப் போய் ரெண்டு செடியாவது வாங்கிட்டு வாங்க என்று விரட்டிவிட்டாள். போன இடத்தில் செடி இருந்ததோ இல்லையோ, நர்சரிக்காரர் தொட்டியில் விட்டிருந்த மாண்டரின் வாத்து என் கண்ணில் பட்டுவிட்டது. நான் சாயப்பட்டறையில் காலமெல்லாம் துணிக்கு ஷேடு பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். சாம்பிள் துண்டையும் வந்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்லாரும் ஒன்றுதான் என்பார்கள், நான் இல்லை, இதில் ஒரு சொட்டு மஞ்சள் கூட என்பேன், மெஷினில் வைத்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவன் அந்த ஆண் வாத்தின் முதுகில் பாய்மரம் மாதிரி நிமிர்ந்து நின்ற ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஷேடை நாங்கள் ஒருநாளும் எடுத்ததில்லை. நர்சரிக்காரர் வாத்தைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் தலையை ஆட்டினேன், ஒன்றையும் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து வாத்து வளர்க்கப் போகிறேன் என்றதும் உன் அம்மா, செடி வாங்கப் போன மனுஷன் என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பழைய கார் ஷெட் இடித்த இடத்தில் கூண்டு போட்டதாகவும், எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்ததாகவும் உனக்குப் படம் அனுப்பினேன் அல்லவா? எந்தப் படத்திலும் உன் மாமா இல்லை, காரணம் படம் எடுத்ததே அவன்தான். அவன் ஓட்டக் கற்றுத்தருகிற டிரைவிங் ஸ்கூலுக்கு விடுமுறை என்றால் அன்றைக்கெல்லாம் காலையிலேயே வந்துவிடுவான். குளம் தோண்டியது அவன், ஒரு பக்கத்தைச் சாய்வாக விடணும் அத்தான், இல்லன்னா குஞ்சு ஏற முடியாது என்று சொல்லிக் கூழாங்கல் பரப்பியதும் அவன். கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தான், தோண்டி வருகிற எலி அதோடு சலித்துப் போய்விடும் என்றான். மேலே குழாய்ச் சட்டம் கட்டி நைலான் வலை விரித்து, இலை விழுந்து தொங்காமல் இழுத்துக் கட்டினோம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அதுதான் என் வேலை. உன் அம்மா எட்டிப் பார்த்து, யார் படுக்கறதுக்கு இவ்வளவு பெரிய கொசுவலை என்று கேட்டாள், அன்றிலிருந்து அதற்குக் கொசுவலை என்றே பெயராகிவிட்டது. உள்ளே செடி வைத்த கதைதான் பெரிய கதை. கோரை, நாணல், ஓரத்தில் குட்டை மூங்கில், தண்ணீரில் அல்லி என்று நட்டுவிட்டு, வேர் பிடிக்கிற வரைக்கும் வாத்தை விடக் கூடாது என்று உன் மாமா படித்துப் படித்துச் சொன்னான். நான் கேட்பேனா? எனக்கு அந்த ஆரஞ்சைத் தினமும் பார்க்க வேண்டும். அவன் வராத நாளாகப் பார்த்து, நர்சரியில் பணம் கட்டி வைத்திருந்த மூன்று ஜோடியையும் கொண்டுவந்து விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் உள்ளே பச்சை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, அல்லிக் கிழங்கைக் கூடத் தோண்டித் தின்றுவிட்டன, குளம் டீ மாதிரி ஆகிவிட்டது. அவன் வந்து பார்த்தான், கால் மட்டும் அவன் வழக்கப்படி பிரேக்கை அமுக்குகிற மாதிரி தரையை அமுக்கியது. வாத்துகளை நர்சரிக்காரரிடமே விருந்தாளியாக அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து நட்டான், ஒவ்வொரு செடியின் அடியிலும் வலைக்கூடை வைத்து, வேரைச் சுற்றிப் பெரிய கல்லாக அடுக்கினான். அது தழைத்த பிறகுதான் வாத்து வந்தது. அதன்பிறகு எடுத்த படங்களைத்தான் நீ உன் ஆபீஸில் எல்லாருக்கும் காட்டி எங்கப்பா செய்தது என்று பெருமைப்பட்டாய்.

இரண்டு கதவு வைத்ததும் உன் மாமாதான். வெளிக் கதவு, உள் கதவு, நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம், இரண்டு பேர் நின்றால் மூக்கோடு மூக்கு இடிக்கும். ஒன்றை மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும், வாத்து நடுவில் வந்தாலும் வெளியே போகாது. டிரைவிங் வாத்தியார் அல்லவா, அதை ஒரு சட்டமாகவே ஆக்கிவிட்டான். தாழ்ப்பாளைப் போட்டால் மட்டும் போதாது, ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். நான் அடிக்கடி மறந்துவிடுவேன், உடனே வெளியிலிருந்து "இழுத்துப் பாத்தீங்களா அத்தான்" என்று குரல் வரும். எனக்கு எரிச்சலாக வரும். என் வீட்டுக் கதவை நான் எப்படி மூடினால் இவனுக்கு என்ன என்று நினைப்பேன், சொன்னதும் உண்டு.

உன் பிரசவத்துக்கு நாங்கள் கிளம்பியபோது சாவியை அவனிடம்தான் கொடுத்தோம். ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து தீனி வைத்தான், குளத்து வடிகட்டியைக் கழுவினான், செடிக்குத் தண்ணீர் விட்டான். உன் அத்தை காலமான பிறகு அந்த வீட்டில் தனியாகத்தானே இருக்கிறான், இங்கே வருவது அவனுக்கும் மாற்றமாக இருக்கும் என்று அம்மாவிடம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன். அங்கிருந்து போன் பண்ணும்போதெல்லாம் எல்லாம் நல்லா இருக்கு என்பான், வீடியோவில் காட்டுடா என்றால் மூங்கிலைக் காட்டுவான், அல்லி பூத்திருக்கிறதைக் காட்டுவான், வாத்தைக் கேட்டால் தூங்குது அத்தான் என்பான். அப்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஊர் திரும்பியதும் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே கொசுவலைக்குள் போனேன். ஆறு வாத்து இருந்தது. ஆறும் பெண். ஒரே பழுப்பும் சாம்பலுமாக, கோணிச்சாக்கு நிறத்தில், நாணலுக்குள் பதுங்கிக்கொண்டு. என் மூன்று ஆண் வாத்தையும் காணோம். உன் மாமா பின்னாலேயே வந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அது நிறைய இறகு, அந்த ஆரஞ்சு இறகு. "ஒவ்வொண்ணா கொட்டிடுச்சு அத்தான், நிறமெல்லாம் போயிடுச்சு, ஆனா நல்லாத்தான் திங்குது, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்" என்றான்.

நிறம் போனது என்று அவன் என்னிடம் வந்து சொல்கிறான், யாரிடம் பார். துணியைத் துவைத்துப் பார்த்து, தேய்த்துப் பார்த்து, வெயிலில் போட்டுப் பார்த்து, நிறம் போகிறதைத் திருப்பி அனுப்புவதே வேலையாக இருந்தவனிடம். சாயம் போறதுக்கு இது என்ன பட்டறைத் துணியா என்று கேட்டேன். ஆண் வாத்தை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, எங்கிருந்தோ மூன்று சாதாப் பெண் வாத்தைப் பிடித்து எண்ணிக்கைக்கு விட்டிருக்கிறான், பிடிக்கும்போது உதிர்ந்த இறகை அள்ளிக்கொண்டு வந்து எனக்கே காட்டுகிறான் என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டேன். அவனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, யாராவது எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்ல வராது, என் சைக்கிளையே என்னைக் கேட்காமல் யாருக்கோ ஓட்டக் கொடுத்து அது திரும்பி வரவே இல்லை. அதையெல்லாம் மனதில் சேர்த்துக் கூட்டிக்கொண்டேன். பேத்தி எப்படி இருக்கா என்று விசாரிக்க வந்த பக்கத்து வீட்டம்மா வலைக்கு வெளியே நின்றிருந்தார்கள், உன் அம்மாவும் நின்றிருந்தாள். கோபத்தில் எல்லாரும் சொல்வது மாதிரி நானும் சில வார்த்தைகள் சொன்னேன். அவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். உன் அம்மா ஒரே ஒரு தடவை, அவன் அப்படிச் செய்யறவன் இல்லைங்க என்றாள், உன் தம்பிக்கு நீ பரிந்து பேசாமல் யார் பேசுவார்கள் என்று அவள் வாயையும் அடைத்தேன். நர்சரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிறத்தைப் பற்றி நான் போய் இன்னொருத்தரிடம் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் அவசரக்காரன், முன்கோபி என்று போயிருக்கும், அதற்கு நீயும் அம்மாவும் பழகினவர்கள்தான். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருப்பது இனிமேல் சொல்லப்போவதற்கு. வெயில் போய், மழை தொடங்கிக் காற்று குளிர்ந்த பிறகு ஒருநாள் காலையில் தீனி வைக்கப் போனேன். தட்டுக்கு வந்த ஒரு வாத்தின் கன்னத்தில் மெல்லிசாக இரண்டு மூன்று முடி, ஆரஞ்சு. வேறு யாராவது பார்த்தால் அழுக்கு என்பார்கள். எனக்கு அந்த ஷேடு தெரியாதா? குனிந்து பார்த்தேன், அலகு சிவந்திருந்தது, இன்னும் இரண்டுக்கு அப்படியே, மற்ற மூன்றுக்கும் சாம்பல் அலகு. அந்த அலகுகள் நான் ஊர் திரும்பிய அன்றைக்கும் அப்படித்தானே இருந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை. தீனித் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதே எழுந்து போய் உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும், அவனுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும், உனக்குப் பண்ணியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, கடைக்குப் போய்ப் பச்சை நிழல் வலை வாங்கிவந்து, சமையலறை ஜன்னல் பக்கம் முழுவதும் கட்டி மறைத்துவிட்டேன். மழைக்காலத்தில், வெயிலே இல்லாத நேரத்தில், செடிக்கு வெயில் ஆகாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சரிங்க என்றாள்.

நாளுக்கு நாள் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. நெஞ்சில் ஊதா, கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, கடைசியாக முதுகில் அந்தப் பாய்மரம். யாரும் இல்லாதபோது போய்ப் பார்ப்பேன், யாராவது வருகிற சத்தம் கேட்டால் வெளியே வந்துவிடுவேன். பக்கத்து வீட்டம்மா வாத்து எப்படி இருக்கு என்று கேட்டபோது, ஏதோ இருக்கு என்றேன். நர்சரிக்காரரிடம் மட்டும், சும்மா கேட்பது மாதிரி, ஆண் வாத்து நிறம் மாறுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வருஷா வருஷம் கோடையில பழைய இறகை உதிர்த்துட்டுப் பொட்டை மாதிரி ஆயிடும் சார், மறுபடி ஏறிடும், விக்கும்போதே சொன்னேனே" என்றார். சொல்லியிருப்பார். நான்தான் அவர் வாயைப் பார்க்காமல் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. அப்போதும் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்கிற கேள்விக்குப் பயந்து இன்னும் கொஞ்ச நாள் சொல்லாமல் இருந்தேன்.

ஒரு மத்தியானம் உன் அம்மா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். துணி எடுக்க உதவிக்குத்தான் என்று போனேன். அவள் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கொசுவலையின் மேல்பக்கம் வெறும் நைலான் வலைதானே, அங்கிருந்து பார்த்தால் குளம் முழுவதும் தெரிகிறது, நடுவில் மூன்று ஆண் வாத்தும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சுற்றி வந்துகொண்டிருக்கின்றன. முட்டிவலிக்காரி மாடிக்கு வரமாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன், அவள் தினமும் துணி காயப்போட ஏறி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். முதல் ஆரஞ்சு முளைத்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன், நிழல் வலை கட்டினதுக்கு அப்புறமும் பாத்தேன்" என்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை பாப்பா, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். உன் மாமா வண்டியில் ஏறிக்கொண்டிருந்தான், டிரைவர் சீட்டில் ஒரு பல் டாக்டரம்மா, கற்றுக்கொள்ள வந்தவர்கள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது, பிறகு "கிளாஸ் இருக்கு, பேசணும்னா பின்னாடி ஏறிக்கங்க" என்றான். ஏறினேன். மன்னிப்புக் கேட்க இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. அந்த அம்மா கிளட்சை விட்டால் வண்டி துள்ளுகிறது, நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் தலை முன் சீட்டில் இடிக்கிறது. வாத்துக்கு நிறம் வந்துடுச்சுடா என்று ஆரம்பித்தேன். உன் மாமா திரும்பிவிட்டான். கிளாஸ் நடக்கும்போது அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து நான் பார்த்ததே இல்லை. "வந்துடுச்சா, மூணுக்குமா" என்று கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கூனிக் குறுகிப்போனது அந்த நேரத்தில்தான். அவன் இத்தனை நாளும் என்ன நினைத்திருந்தான் தெரியுமா, தீனி மூட்டை தீர்ந்தபோது வேறு தீனி வாங்கிப் போட்டதால்தான் நிறம் கொட்டிவிட்டது, தான்தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தான். அதனால்தான் போனில் மறைத்திருக்கிறான், அதனால்தான் நான் அவ்வளவு பேசியும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மை தெரிந்த பிறகு நான் பச்சை வலையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அவன் அங்கே தன்னையே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் தப்புப் பண்ணிட்டேன்டா, தெரிஞ்சும் மறைச்சேன் என்றேன். வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றது, அந்த அம்மா நிறுத்தியதா, இவன் கால் வைத்ததா தெரியவில்லை. பின்னால் ஹாரனாக அடிக்கிறார்கள். உன் மாமா அந்த அம்மாவிடம், "நீங்க முன்னாடி பாருங்க டாக்டர், பின் சீட்ல நடக்கறதைக் காதுல வாங்காதீங்க, நியூட்ரலுக்கு வாங்க" என்றான்.

அந்த அம்மா இறங்கிப் போன பிறகு வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வாடா என்றேன். "உங்க வாய் எனக்குப் பழக்கம் அத்தான். பாப்பா போன் பண்ணாதீங்கன்னு சொன்னாளே, அதுதான் இன்னும் காதுல இருக்கு" என்றான். குட்டியின் படம் ஒன்றுகூட அவனிடம் இல்லை, எங்கள் போனில் இருப்பதைக் காட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு மூக்கு பாப்பா மூக்குதான் என்று திருப்பிக் கொடுத்தான். நான் உடனே உனக்கு அங்கேயே போன் போடப் போனேன். அவன் தடுத்துவிட்டான். "போன்ல வேணாம். போன்ல சொன்னா பாதியில சிரிச்சு மழுப்பிடுவீங்க. எழுதுங்க. எழுதினா மழுப்ப முடியாது" என்றான். இதுதான் நான் பேனாவை எடுத்த காரணம்.

வந்ததும் முதல் வேலையாகப் பச்சை வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மழையில் வண்டி ஓட்டும்போது முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டு, உனக்குக் கற்றுக்கொடுத்தவன் சொல்வதுதான் இது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் பேச வேண்டாம், முதலில் மாமாவுக்குப் பேசு, குட்டியைக் காட்டு.

இத்தோடு கையெழுத்துப் போட்டு மடித்தும்விட்டேன். உன் அம்மா வாங்கிப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். நிழல் வலையை எழுதியிருக்கீங்க, சரி என்றாள். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, "கோபத்தில எல்லாரும் சொல்றதுதான்னு எழுதியிருக்கீங்களே, எல்லாரும் அதைச் சொல்லமாட்டாங்க. அந்த வார்த்தை எங்க?" என்று கேட்டாள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தது இந்த ஒன்றைத்தான். ஆனால் மழுப்ப மாட்டேன் என்று அவனிடம் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைக்குக் கூண்டுக்குள் நின்று, பக்கத்து வீட்டம்மா கேட்க, பிள்ளையில்லாத உன் மாமாவைப் பார்த்து நான் சொன்னது இது: "பெத்து வளத்திருந்தா ஒரு உசுரோட அருமை தெரிஞ்சிருக்கும். உனக்குன்னு ஒண்ணும் கிடையாது, அதான் என் வீட்ல இருக்கறதையெல்லாம் உன்னோடதுன்னு நினைச்சுக்கற. பாப்பாவும் உன் பொண்ணு இல்ல, இதுவும் உன் வாத்து இல்ல."

அவன் இறகுக் கவரைக் கல்லின்மேல் வைத்தான். வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். உள் கதவைத் திறந்தான், தீனி போடுகிறவன் என்று ஒரு வாத்து அவன் பின்னாலேயே போனது, அதைக் காலால் மெல்ல உள்ளே ஒதுக்கிவிட்டு, நடுவில் போய் நின்றுகொண்டு உள் கதவை மூடினான். தாழ்ப்பாளைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். அதன்பிறகுதான் வெளிக் கதவைத் திறந்துகொண்டு போனான். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா